பைத்தானிலிருந்து சி மொழிக்கு வந்தபின் எண்கள் பிசகினால்: அறிகுறி வாரியாகத் தரவு வகைப் பிழை நீக்கம்

பைத்தானில் எழுதிப் பழகியவர்கள் சி மொழிக்கோ ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகைக்கோ வந்ததும் விடை தவறாக வந்தால், முதலில் தங்கள் தர்க்கத்தின் மீதே சந்தேகப்பட்டு நிரலைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறார்கள். சேலத்தில் கருப்பூர்ப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் கடைக் கணக்குக்குச் சொந்தமாக நிரல் எழுதுவோர், ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்கு வானிலைப் பெட்டி கட்டுவோர் என்று பலரும் கொண்டுவரும் நிரல்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், தர்க்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அதைச் சுமக்கும் மாறியின் வகைதான் சிறியதாகவோ பொருந்தாததாகவோ இருக்கிறது. ஆகவே கீழே உள்ளவற்றை உங்கள் அறிகுறியை வைத்துத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலிலும், நேரமோ பணமோ பிடிக்கும் மாற்றம் கடைசியிலும் வருகின்றன.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) எச்சரிக்கைகளை முழுமையாகத் திறந்துவிடுங்கள். ஆர்டுயினோ ஐடிஇ-யில் ஃபைல், பிரிஃபரன்சஸ் வழியாகச் சென்றால் கம்பைலர் வார்னிங்ஸ் என்ற இடம் இருக்கும். நிறுவியவுடன் அது ‘நன்’ என்றே நிற்பதால், கம்பைலர் கண்ட குறைகளை உங்களிடம் சொல்வதே இல்லை. அதை ‘ஆல்’ என்று மாற்றுங்கள். கணினியில் ஜிசிசி என்ற கம்பைலரைப் பயன்படுத்துவோர் டபிள்யூ-ஆல், டபிள்யூ-எக்ஸ்ட்ரா ஆகிய இரண்டையும் கொடுத்துவிட்டு, அவற்றோடு டபிள்யூ-கன்வர்ஷன் என்பதையும் தனியாகச் சேர்க்க வேண்டும். முதல் இரண்டைக் கொடுத்தாலும் சி மொழியில் மூன்றாவது தானாகச் சேராது, பெரிய வகை சிறிய வகைக்குள் திணிக்கப்படும் இடங்களைக் காட்டிக்கொடுப்பதோ அந்த மூன்றாவதுதான்.

அடுத்து, உங்கள் கம்பைலரில் இன்ட், லாங் என்ற முழு எண் வகைகள், டபுள் என்ற தசம எண் வகை ஆகியவற்றின் அளவை சைஸ்ஆஃப் கொண்டு அச்சிட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஆர்டுயினோ ஊனோ பலகையில் (ஆர்3 வரையிலான 8 பிட் பதிப்புகள்; கீழே ஊனோ என்பதெல்லாம் இவையே) இன்ட் 2 பைட், லாங் 4 பைட், டபுள் 4 பைட். இன்றைய 64 பிட் லினக்ஸ் கணினியில் இவை முறையே 4, 8, 8. நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன் இந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.

## அறிகுறி: நன்றாக வந்துகொண்டிருந்த கூட்டுத்தொகை திடீரென மைனஸாகிறது

அதிகம் வருவது இதுதான். மூட்டைக்கு 90 கிலோ என்று ஜவ்வரிசி எடையைக் கூட்டும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். ஊனோவிலும், இன்னும் சில ஆய்வகங்களில் உயிரோடு இருக்கும் பழைய டர்போ சி-யிலும் இன்ட் 16 பிட் மட்டுமே. அது -32,768 முதல் 32,767 வரை தாங்கும். 364 மூட்டைகள் வரை எடை 32,760 என்று ஒழுங்காக வரும். 365-ஆவது மூட்டை ஏறியதும் 32,850 என்று வர வேண்டிய இடத்தில் -32,686 என்று வரும். சோதனைக்கு 10 மூட்டை, 20 மூட்டை என்று கொடுத்துப் பார்த்தவருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படவே படாது.

உறுதிசெய்யும் சோதனை எளிது. தவறாக வந்த எண்ணோடு 65,536-ஐக் கூட்டிப் பாருங்கள். -32,686 உடன் கூட்டினால் 32,850 வந்துவிடுகிறது. 32 பிட் இன்ட் உள்ள கணினியில் என்றால் 4,29,49,67,296-ஐக் கூட்ட வேண்டும். சரியான விடை கிடைத்துவிட்டால் நோய் இதுவேதான், வேறெங்கும் தேட வேண்டாம். எண்ணுக்கு வரம்பே இல்லாத பைத்தானில் இப்படி ஒன்று நேராததால், அங்கிருந்து வருபவர்களின் கண் இந்தத் திசையில் போவதில்லை.

### மொத்தத்தை ஏந்தும் மாறி இன்ட்டாக இருந்தால்

அதை லாங் என்று மாற்றுங்கள். அதைவிட நல்லது, அளவைப் பெயரிலேயே சொல்லும் இன்ட்32, இன்ட்64 வகைகளைப் பயன்படுத்துவது. இவை 1999-ஆம் ஆண்டுச் செந்தரத்திலிருந்து ஸ்டிட்இன்ட் தலைப்புக் கோப்பில் கிடைக்கின்றன. கணினியின் 32 பிட் இன்ட் போதும் என்று நினைப்பவர்கள் பணத்தைப் பைசாவில் வைக்கும்போது மட்டும் நின்று யோசிக்க வேண்டும்: அதன் உச்சவரம்பு 2,14,74,83,647 பைசா, அதாவது 2,14,74,836 ரூபாய் 47 பைசா. வெள்ளிக் கொலுசு வாங்கி விற்கும் ஒரு கடையின் ஆண்டு வரவு செலவு இதைத் தாண்டுவது பெரிய காரியமில்லை.

### மாறி லாங்தான், இருந்தும் மைனஸ் வருகிறது என்றால்

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விடை போய்ச் சேரும் மாறி பெரிதாக இருப்பதால் மட்டும் பெருக்கல் பெரிய அளவில் நடந்துவிடாது. பெருக்கப்படும் இரண்டும் இன்ட் என்றால் பெருக்கலும் இன்ட்டிலேயே நடந்து, உடைந்து, உடைந்த விடைதான் லாங்குக்குள் போகும். மூட்டைகளை 90-ஆல் பெருக்கும் வரியில் 90-க்குப் பின்னால் எல் என்ற எழுத்தைச் சேர்த்தால் அது லாங் எண்ணாகி, பெருக்கலும் லாங்கில் நடக்கும்.

இதன் இன்னொரு முகம் காத்திருப்பு நேரத்தில் தெரியும். ஊனோவில் ஒரு நிமிடம் நிற்கட்டும் என்று டிலே-க்குள் 60 * 1000 என்று எழுதினால், 60,000 இன்ட்டுக்குள் அடங்காமல் -5,536 ஆகி, குறியில்லாத (மைனஸே ஏற்காத) 32 பிட் எண்ணாக மாறும்போது 4,29,49,61,760 மில்லிவிநாடியாகிவிடும். ஏறக்குறைய ஐம்பது நாள். ‘பலகை உறைந்துவிட்டது’ என்று சொல்லிப் புதுப் பலகை வாங்கியவர்களும் உண்டு. 30 * 1000 வேலை செய்கிறது, 33 * 1000 வேலை செய்யவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். 1000-க்குப் பின்னால் யு-எல் என்று சேர்த்தால் போதும்.

### உள்ளே வரும் எண்ணும் வெளியே போகும் எண்ணும் சிறியவை, நடுவில் மட்டும் பெரிதாகிறது என்றால்

ஊனோவின் அனலாக் அளவீடு 0 முதல் 1023 வரை தரும். அதை மில்லிவோல்ட்டாக்க 5000-ஆல் பெருக்கி 1023-ஆல் வகுப்பது வழக்கம். அளவீடு 300 என்றால் விடை 1,466 வர வேண்டும். ஆனால் நடுவில் பிறக்கும் 15,00,000 என்ற எண் 16 பிட்டில் அடங்காமல் -7,328 ஆகி, வகுத்தபின் -7 என்று முடியும். தொடக்கமும் முடிவும் இன்ட்டுக்குள் அடங்குவதால் இந்த வரியைப் படிப்பவர் கண்ணுக்குக் குறை தெரியாது. சூத்திரத்தில் உள்ள ஒவ்வொரு பெருக்கலையும் தனித்தனியாக, அதன் உச்ச மதிப்பில், காகிதத்தில் போட்டுப் பார்ப்பதே வழி.

ஊனோவுக்கான கணக்கைக் கணினியில் ஓட்டிச் சரிபார்க்க முயல்வோருக்கு ஓர் எச்சரிக்கை: மாறிகளை இன்ட்16 என்று அறிவித்தாலும், கணினி அவற்றைக் கணக்கிடும் முன் தன் 32 பிட் இன்ட்டாக உயர்த்திக்கொள்ளும், அதனால் பலகையில் உடையும் அதே வரி கணினியில் சரியான விடையைத் தரும். ‘வீட்டில் சரியாக வந்தது, மேலே எஸ்டேட்டில் வரவில்லை’ என்ற புகாரில் பாதி இதனால்தான். ஒவ்வொரு இடைநிலை விடையையும் ஓர் இன்ட்16 மாறிக்குள் போட்டு எடுத்தால் மட்டுமே கணினியிலும் அது உடைந்து காட்டும்.

### 64 பிட்டும் போதவில்லை என்றால்

20-இன் தொடர்பெருக்கம் (1 முதல் 20 வரை எல்லா எண்களையும் பெருக்கிய விடை) 64 பிட்டுக்குள் அடங்கும்; 21-இனுடையது அடங்காது. அந்த எல்லையைத் தாண்டுவோர் ஜிஎம்பி போன்ற பெரிய எண் நிரலகத்துக்கு (லைப்ரரி) போக வேண்டும், அல்லது அந்தப் பகுதியைப் பைத்தானிலேயே விட்டுவிட வேண்டும். இரண்டாவது வழியில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

## அறிகுறி: மைனஸ் வரவில்லை, ஆனால் விடை தவறு

மைனஸ் வந்தால் யாரும் கவனிப்பார்கள். நேர்மறையாகவே வந்து நம்பும்படி இருக்கும் தவறு அதைவிட மோசமானது. 13-இன் தொடர்பெருக்கம் 6,22,70,20,800. 32 பிட் இன்ட்டில் அது 1,93,20,53,504 என்று வந்து நிற்கும், பார்த்தால் குறை சொல்ல முடியாது.

காற்றழுத்தமானி வைத்து வானிலைப் பெட்டி கட்டுவோரிடம் இதை நேராகவே பார்க்கலாம். கடல் மட்டத்தில் இயல்பான அழுத்தம் 1,01,325 பாஸ்கல். சேலம் நகரின் உயரத்தில் சுமார் 98,000 பாஸ்கலும், 1,500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஏற்காட்டில் சுமார் 84,500 பாஸ்கலும் வரும். நிரலகம் லாங் ஆகத் தரும் இந்த எண்ணை ஊனோவின் இன்ட்டுக்குள் போட்டால், சேலத்தில் 32,464 என்றும் ஏற்காட்டில் 18,964 என்றும் காட்டும். இரண்டும் மைனஸ் இல்லை. மலை ஏற ஏற அழுத்தம் குறையவும் செய்கிறது. இன்னும் வேடிக்கை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 13,500 என்று மிகச் சரியாகவே வருகிறது, ஏனென்றால் இரண்டிலும் ஒரே 65,536 தொலைந்திருக்கிறது. அதனால் ‘சென்சார் வேலை செய்கிறது, அளவுதிருத்தம்தான் தவறு’ என்று முடிவுகட்டி, ஒரு நிலையான எண்ணைக் கூட்டி ஒட்டுப்போட்டுவிடுகிறார்கள். ஒட்டுப்போடும் எண் 65,536-க்கு அருகில் இருக்கிறது என்று தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மாறியின் வகையைப் பாருங்கள்.

கணினியில் என்றால் எஃப்-சானிடைஸ் என்ற விருப்பத்தை ‘அன்டிஃபைன்ட்’ என்று கொடுத்து மறுபடி கம்பைல் செய்து ஓட்டுங்கள். குறியுள்ள முழு எண் வரம்பு மீறும் இடத்தைக் கோப்பின் பெயர், வரி எண்ணோடு சொல்லிவிடும். குறியில்லாத எண்கள் சுற்றி வருவதை மொழி அனுமதித்திருப்பதால் அதைப் பற்றி அது வாய் திறக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சென்சாரை மாற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: அச்சிட்ட மூல மதிப்பை நிரலகம் தந்த வகையிலேயே, எந்த மாறியிலும் ஏற்றாமல், நேராக சீரியல் மானிட்டரில் பார்த்த பிறகும் தவறாக இருந்தால் மட்டும் கடைக்குப் போங்கள்.

## அறிகுறி: விடை எப்போதும் 0, அல்லது தசமப் பகுதி காணாமல் போகிறது

பைத்தான் 3-இல் ஒற்றைச் சாய்கோடு தசம விடை தரும். சி-யில் இரு புறமும் முழு எண் என்றால் விடையும் முழு எண்தான். 60-க்கு 45 வாங்கியவரின் சதவீதத்தை 45 / 60 * 100 என்று எழுதினால் 0 வரும். ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக்க 5 / 9 என்று தொடங்கினால், மே மாதத்துச் சேலத்து வெயிலிலும் 0 டிகிரி காட்டும்.

பெருக்கலை முன்னால் கொண்டுவருவது செலவில்லாத தீர்வு: 100 * 45 / 60 என்றால் 75. (ஊனோவில் இந்த மாற்றம் முந்தைய அறிகுறியில் கொண்டுபோய் விடக்கூடும்.) தசமம் வேண்டுமென்றால் எண்களில் ஒன்றை 100.0 என்பது போல எழுதுங்கள். இரண்டும் மாறிகள் என்றால் அவற்றில் ஒன்றை வகைமாற்றம் செய்ய வேண்டும், அதையும் வகுத்தலுக்கு முன் செய்ய வேண்டும். அடைப்புக்குறிக்குள் வகுத்து முடித்துவிட்டு வெளியே ஃப்ளோட் என்று போட்டால், தொலைந்த தசமம் திரும்பி வராது.

மைனஸ் எண்களை வகுக்கும்போது மட்டும் தவறு வருகிறது என்றால் வேறு காரணம். -7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் பைத்தான் -4 தரும், சி -3 தரும். மீதியும் அப்படியே: பைத்தானில் 1, சி-யில் -1. கடிகாரத்தில் ஐந்து மணி நேரத்துக்கு முந்தைய மணியைக் கண்டுபிடிக்க 3-இல் 5-ஐக் கழித்து 24-ஆல் மீதி எடுத்தால், பைத்தானில் 22 வந்த இடத்தில் சி-யில் -2 வரும். அதை அப்படியே அணியின் (அர்ரே) இட எண்ணாகப் பயன்படுத்தினால் அணிக்கு வெளியே போய் எழுதும், அதன்பின் நடப்பது கடைசி அறிகுறியில் இருக்கிறது. மீதி எடுக்கும் முன் 24-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: பைசா இடிக்கிறது, அல்லது சமமான இரண்டு தசம எண்கள் சமமில்லை என்கிறது

0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 1.0-க்குச் சமமாகாது, இது பைத்தானிலும் உள்ளதுதான். சமக்குறியை விட்டுவிட்டு, வித்தியாசம் ஒரு சிறிய அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பைத்தானில் இல்லாதது ஃப்ளோட் என்ற சிறிய வகை. பைத்தானின் தசம எண் சி-யின் டபுளுக்கு நிகர். ஃப்ளோட்டில் மொத்தம் ஏழு இலக்கம் அளவுக்குத்தான் நம்பிக்கை வைக்கலாம். 10,00,000.05 ரூபாயை ஃப்ளோட்டில் வைத்து இரண்டு தசம இடத்துக்கு அச்சிட்டால் 1000000.06 என்று வரும். 10,00,000 இருக்கும்போது 2 பைசாவைக் கூட்டினால் தொகை நகரவே நகராது. எத்தனை முறை கூட்டினாலும் அதே பத்து லட்சம். கணினியில் ஃப்ளோட்டை டபுளாக்கினால் பெரும்பாலான தொல்லை போய்விடும். ஊனோவில் டபுள் என்று எழுதினாலும் அதே 4 பைட் ஃப்ளோட்டுதான் கிடைக்கும் என்பதால் அங்கே இந்த மருந்து பலிக்காது.

பணத்துக்கும் வெள்ளி எடைக்கும் என் தீர்ப்பு ஒன்றே: தசம வகையே வேண்டாம். பணத்தைப் பைசாவாகவும் எடையை மில்லிகிராமாகவும் 64 பிட் முழு எண்ணில் வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் புள்ளியைப் போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே ஃப்ளோட்டில் சேமித்துவிட்ட பழைய கணக்கை மாற்றுவதுதான் செலவுள்ள வேலை. அந்தக் கணக்கு ஜிஎஸ்டி தாக்கலுக்குப் போயிருந்தால் நிரலைத் தொடும் முன் கணக்காளரிடம் காட்டிவிடுங்கள், ஏனெனில் திருத்தியபின் பழைய மாதத் தொகைகள் மாறித் தெரியும்.

## அறிகுறி: திரையில் சம்பந்தமில்லாத எண் அல்லது குறி வருகிறது

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு எண் வந்தால், மாறிக்குத் தொடக்க மதிப்புக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். மதிப்பில்லாத மாறியைத் தொட்டால் பைத்தான் பெயர்ப்பிழை என்று நின்றுவிடும்; சி நினைவகத்தில் கிடந்த குப்பையை எடுத்துக் கொடுத்துவிடும்.

தொடக்க மதிப்பு இருந்தும் குப்பை வந்தால் பிரிண்ட்எஃப் வரியில் உள்ள சதவீதக் குறியின் எழுத்தைப் பாருங்கள். டி முழு எண்ணுக்கு, எல்-டி லாங்குக்கு, எஃப் தசமத்துக்கு. சைஸ்ஆஃப் விடைக்கு இசட்-யு. டபுளை டி கொண்டு அச்சிட்டால் விடை எதுவாகவும் வரலாம். உள்ளீட்டில் இன்னும் கவனம் தேவை: ஸ்கேன்எஃப்-இல் ஃப்ளோட்டுக்கு எஃப், டபுளுக்கு எல்-எஃப். ஒரே ஒரு பைட் உள்ள சார் மாறிக்குள் டி கொண்டு எண் வாங்கினால், அது 4 பைட் எழுதிப் பக்கத்தில் உள்ள மாறியையும் சேர்த்து அழித்துவிடும். எச்சரிக்கைகளைத் திறந்துவைத்திருந்தால் இவற்றைக் கம்பைலரே சொல்லியிருக்கும்.

ஊனோவில் எஸ்பிரிண்ட்எஃப் கொண்டு தசமத்தை எழுதிக் கேள்விக்குறி மட்டும் வந்தால், நிரலில் குறையில்லை. இடம் மிச்சப்படுத்துவதற்காகத் தசம அச்சு அங்கே விடப்பட்டிருக்கிறது. டிடிஓ-எஸ்டிஆர்எஃப் என்ற செயற்கூறை (ஃபங்ஷன்) பயன்படுத்துங்கள். சி++-இல் 65 என்று வர வேண்டிய இடத்தில் ஆங்கிலப் பெரிய ஏ வந்தால், யுஇன்ட்8 வகையை சிஅவுட் எழுத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறது. இன்ட்டாக மாற்றி அச்சிடுங்கள்.

## அறிகுறி: தொலைபேசிக் குறியீடு, அஞ்சல் குறியீடு போன்றவை மாறிப்போகின்றன

சேலத்தின் எஸ்டிடி குறியீடு 0427. இதை நிரலில் அப்படியே எண்ணாக எழுதினால் 279 என்று வரும், ஏனெனில் 0-இல் தொடங்கும் முழு எண்ணை சி, எட்டை அடியாகக் கொண்ட எண்ம முறையில் எடுத்துக்கொள்கிறது: 4 × 64, 2 × 8, 7. ஏற்காட்டின் 04281-ஐ எழுதினாலோ கம்பைலரே மறுத்துவிடும், எண்ம முறையில் 8 என்ற இலக்கம் கிடையாது. ஓர் ஊருக்குப் பிழைச்செய்தி வருகிறது, அடுத்த ஊருக்கு வரவில்லை என்று குழம்பி வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் பிழைச்செய்தி வந்த ஊர்க்காரர்தான் பிழைத்தார்.

636001 என்ற சேலத்து அஞ்சல் குறியீடு 16 பிட்டில் -19,359 ஆகும். பத்து இலக்கக் கைபேசி எண் 32 பிட்டில் அடங்காது. கூட்டவோ பெருக்கவோ போகாத எதையும் எண்ணாக வைக்காமல் சரமாகவே (ஸ்ட்ரிங்) வையுங்கள்.

## அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் சிதைகின்றன

பைத்தானில் ‘ஏற்காடு’ என்பதன் நீளத்தைக் கேட்டால் 7 என்று சொல்லும்: ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி. சி-யில் அதே சொல்லை, எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் வைத்து ஸ்ட்ரிங்-லென் கேட்டால் 21 என்று சொல்லும், ஏனெனில் இவை ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும். கண்ணுக்குத் தெரிவது நான்கு எழுத்து. முடிவுப் பூஜ்ஜியத்தையும் சேர்த்தால் தேவைப்படும் இடம் 22 பைட். ஊர்ப் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியவரின் நிரலில் 15 பைட் பிடிக்கும் ‘சேலம்’ சரியாக இருக்கும், ‘ஏற்காடு’ பக்கத்து மாறியின் மேல் ஏறிவிடும். 20-இல் நறுக்கிச் சேமித்தால் கடைசிக் குறியின் இரண்டு பைட் மட்டும் தங்கி, சொல்லின் இறுதியில் கறுப்புக் கட்டத்துக் கேள்விக்குறி தோன்றும்.

எழுத்தை ஒப்பிடும் இடத்தில் தோல்வி என்றால் சார் வகையின் குறியைப் பாருங்கள். யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துகளின் முதல் பைட் 224. சாதாரணமாகக் கணினியில் சார் குறியுள்ளது என்பதால் அது -32 ஆகிவிடும். 224-க்குச் சமமா என்று கேட்டால் ஒருபோதும் ஆம் என்று வராது. ராஸ்பெரி பையில் சார் குறியில்லாதது, அங்கே அதே வரி வேலை செய்யும். பைட்டுகளை அன்சைன்ட் சார் என்று அறிவித்துவிட்டால் இரண்டிலும் ஒரே விடை.

இரண்டு வரி, பதினாறு எழுத்து எல்சிடி-யில் தமிழ் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: அது தரவு வகைப் பிழை இல்லை. அந்தத் திரையில் தமிழ் எழுத்துரு கிடையாது, நாமாக வரையக்கூடியதும் எட்டே குறிகள்தான். படம் வரையும் திரைக்கு மாறுவதைத் தவிர வழியில்லை.

## அறிகுறி: சுற்று முடிவதே இல்லை, அல்லது நிபந்தனை தலைகீழாக வேலை செய்கிறது

குறியில்லாத எண்ணை 0 வரை இறக்கி, ‘0-க்குக் குறையாதவரை’ என்று நிபந்தனை வைத்தால் அது என்றும் உண்மைதான். 0-க்குக் கீழே போக முடியாமல் உச்ச மதிப்புக்குத் தாவிவிடும். யுஇன்ட்8 மாறியை ‘256-க்குக் கீழே இருக்கும்வரை’ என்று ஏற்றினாலும் அதே கதை, 255-க்குப் பின் 0. -1 சிறியதா, குறியில்லாத 1 சிறியதா என்று கேட்டால் 1 என்றே சி சொல்லும், ஏனெனில் ஒப்பிடும் முன் -1-ஐயும் குறியில்லாததாக்கிவிடுகிறது. எண்ணும் மாறியை இன்ட்டாக்கினால் பெரும்பாலும் தீர்ந்தது.

நீர் பாய்ச்சும் பம்பு பல வாரம் ஒழுங்காக ஓடிவிட்டு ஒரு நாள் நேரம் தவறினால், பலகை ஓடத் தொடங்கியதிலிருந்து கழிந்த மில்லிவிநாடியைச் சொல்லும் மில்லிஸ் மதிப்பை எப்படி ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். அது 49 நாள் 17 மணி நேரத்தில் 0-க்குத் திரும்பும். முந்தைய நேரத்தோடு இடைவெளியைக் கூட்டி ஒப்பிடாமல், இப்போதைய நேரத்திலிருந்து முந்தையதைக் கழித்து இடைவெளியோடு ஒப்பிட்டால் திரும்பும் தருணத்திலும் கணக்கு சரியாக வரும். மாறிகள் எல்லாம் அன்சைன்ட் லாங்காக இருக்க வேண்டும். வாரங்கள் ஆகாமல் அரை நிமிடத்திலேயே தவறினால், மில்லிஸை இன்ட்டுக்குள் போட்டிருக்கிறீர்கள்: 32.767 விநாடியில் அது நிறைந்துவிடும். பம்பு 230 வோல்ட்டில் ஓடுவதாக இருந்தால், மோட்டாரை இணைத்தபடி நிரலைச் சோதிக்க வேண்டாம். ஓர் எல்இடி-யை வைத்துச் சரிபார்த்துவிட்டு, ரிலே இணைப்பை மின்பணியாளரிடம் விடுங்கள்.

## அறிகுறி: ஒரு கணினியில் சரி, இன்னொன்றில் தவறு

முதலில் எழுதிய தாளை இப்போது எடுங்கள். லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். கோப்பில் லாங்கை நேராக எழுதி மற்றதில் படித்தால் எல்லாம் இடம்பெயரும். அளவு சொல்லும் வகைகளுக்கு மாற்றுங்கள். பழைய நிரல் புதிய கம்பைலரில் ஏறவே மறுத்தால், தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறந்த இடத்தைத் தேடுங்கள். அறிவிக்காத செயற்கூறை முன்பு எச்சரிக்கையோடு விட்டுவந்த ஜிசிசி, 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து அதைப் பிழையாகவே கொள்கிறது.

## அறிகுறி: பிரிண்ட்எஃப் வரி சேர்த்தால் சரியாகிறது, எடுத்தால் பிழை திரும்புகிறது

இது நினைவகம் சிதைவதன் அடையாளம். அணிக்கு வெளியே எழுதுவது, 22 பைட் சொல்லை 20 பைட்டில் போடுவது, சாருக்குள் இன்ட் வாங்குவது ஆகியவற்றில் ஒன்று எங்கோ நடந்திருக்கிறது. சேர்த்த வரி மாறிகளின் இடத்தை நகர்த்திப் பிழையை மறைக்கிறது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு ‘ஓடுகிறது’ என்று திருப்தியடைவது மிக மோசமான தீர்வு.

கணினியில் எஃப்-சானிடைஸை ‘அட்ரஸ்’ என்று கொடுத்து ஓட்டுங்கள்; வெளியே எழுதும் வரியைக் காட்டும். மதிப்பில்லாத மாறிக்கு வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி உதவும். ஊனோவில் இவை ஓடா. அங்கே முதலில் பார்க்க வேண்டியது 2,048 பைட் நினைவகத்தில் எவ்வளவு மீதி என்று கம்பைல் செய்தபின் கீழே வரும் வரியை. முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருந்தால், செயற்கூறுகள் அழைக்கப்படும்போது தேவைப்படும் இடம் மாறிகளின் மேல் ஏறக்கூடும். மாறாத சொற்றொடர்களை எஃப் மேக்ரோவுக்குள் வைத்து ஃபிளாஷ் நினைவகத்துக்கு அனுப்பிப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்தபின்னும் பிழை பிடிபடவில்லை என்றால், அல்லது கம்பைலர் வேகத்துக்காகச் செய்யும் ஆப்டிமைசேஷனை நிறுத்தினால் மட்டும் சரியாகிறது என்றால், எம்பெடட் (கருவிகளுக்குள் ஓடும் நிரல்) துறையில் வேலை செய்யும் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் காட்டும் நேரம் வந்துவிட்டது. கையில் உள்ள நிரல் பிறருடைய பணத்தையோ சுழலும் இயந்திரத்தையோ கட்டுப்படுத்துவதாக இருந்தால் அவ்வளவு தூரம்கூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது முழு நிரலையும் தூக்கிப் போகாமல், பிழை இன்னும் தெரியும் அளவுக்குச் சுருக்கிய சிறிய நிரல், கம்பைலரின் பெயரும் பதிப்பும், பலகையின் பெயர், கொடுத்த உள்ளீடு, எதிர்பார்த்த விடை, வந்த விடை, வகைகளின் அளவு எழுதிய அந்தத் தாள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பிழையை மறைக்கும் பிரிண்ட்எஃப் வரி எது, எந்த இடத்தில் சேர்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொடுத்தால், பார்ப்பவர் தேடலை அந்த வரிக்கு அருகில் உள்ள அணிகளிலிருந்தே தொடங்குவார்.